பொறியியற் பீட ஆய்வுச் செய்திகள்: விருதோடு அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகப் பொறியியற் பீடங்களின் ஆய்வுகள், சாதனைகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகள் தொடர்பாக இதை எழுதுகிறோம். நாங்கள் திருகோணமலையில் கட்டுமானத்திலும் மின்வேலையிலும் இருப்பவர்கள். செய்தி வருவதில் குறை இல்லை. விருது பெற்ற விரிவுரையாளரின் படம், பதக்கம், துணைவேந்தரின் வாழ்த்து எல்லாம் இருக்கும். என்ன செய்தார்கள், எவ்வளவு கிடைத்தது, எந்த நிபந்தனையில் கிடைத்தது, எங்கே பிழைத்தது என்பவைதான் இருக்காது. ‘உமிச்சாம்பலில் உறுதியான கொங்கிரீற்று’ என்று தலைப்புப் போடுகிறீர்கள். எந்தச் சாம்பல், சீமெந்தில் எத்தனை வீதத்துக்குப் பதிலாக, எத்தனை நாளில் சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை நியூட்டன் வலிமை என்று உள்ளே தேடினால் ஒரு வரியும் இல்லை.

பேராதனையிலோ மொறட்டுவையிலோ இருப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. சந்தேகம் வந்தால் பீடத்துக்குப் போய்க் கேட்கலாம். கிழக்கில் ஒலுவிலிலும், வடக்கில் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பொறியியற் பீடங்கள் உண்டு. கோணேசபுரியில் இருக்கும் எங்கள் வளாகத்தில் (கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்) சித்த மருத்துவம் இருக்கிறது, பிரயோக விஞ்ஞானம் இருக்கிறது, பொறியியல் இல்லை. நிலாவெளியில் விடுதி கட்டும் மேசனுக்கும் தம்பலகாமத்தில் அரிசி ஆலை நடத்துபவருக்கும் ஆய்வு முடிவு தமிழில் வந்து சேர இருக்கும் வழி பத்திரிகைதான். அதில் அளவு இல்லாவிட்டால் வேறெங்கும் இல்லை.

வருடாவருடம் வரும் ‘உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள்’ செய்தியைப் பாருங்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் கொடுத்த விருது போலவே அது எழுதப்படுகிறது. உண்மையில், அங்குள்ள பேராசிரியர் ஜோன் அயோனிடிஸின் குழு எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து கணக்கிட்டு வெளியிடும் பட்டியல் அது. யாரும் விண்ணப்பிப்பதில்லை, நடுவர் குழுவும் இல்லை. ஒருவருடைய கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன, அவற்றில் அவர் தனி ஆசிரியராகவோ முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ இருந்தவை எத்தனை என்பது போன்ற 6 அளவுகளைச் சேர்த்து ஒரு புள்ளி போடுகிறார்கள். 22 துறைகள், 174 உட்பிரிவுகள் என்று ஆய்வாளர்களைப் பிரிக்கிறார்கள். தொழில்வாழ்க்கை முழுவதற்கும் ஒரு பட்டியல், ஒரே ஒரு ஆண்டுக்கு இன்னொன்று. இரண்டில் எதில் பெயர் வந்தது என்பதைக்கூட நம் செய்திகள் சொல்வதில்லை. அந்தப் பட்டியலில் இடம்பிடிப்பது சின்ன விடயம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது மற்ற ஆய்வாளர்கள் வாசித்தார்கள் என்பதற்கான சான்று. கந்தளாயில் ஒரு மதகு ஒழுகாமல் நிற்கிறதா என்பதற்கான சான்று அதில் இல்லை. இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

காப்புரிமைச் செய்திகளிலும் இதே கதை. விண்ணப்பித்தது வேறு, வழங்கப்பட்டது வேறு. வழங்கப்பட்டாலும் அது புதிது என்பதற்கே சான்று, மலிவு என்பதற்கு அல்ல. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பேராசிரியர் அழகையா துரைராசாவின் பெயர் வடக்கு கிழக்கில் பலருக்கும் தெரியும். பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாக இருந்தார், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார், 1994இல் மறைந்தார் என்பது வரை சொல்வார்கள். என்ன ஆய்வு செய்தார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கேம்பிரிட்ஜில் 1961இல் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வில் அவர் கயோலின் களிமண்ணையும் மணலையும் அழுத்தி, பக்கவாட்டில் வழுக்கச் செய்யும் வெட்டுவிசை கொடுத்து அளந்தார். மண்ணை நெரிக்கவும் உருமாற்றவும் நாம் கொடுக்கும் வேலையைக் கூட்டிப் பார்த்தால், அதில் உராய்வில் அழியும் பங்கு எவ்வளவு? அழுத்தத்தை வெட்டுத்திரிபால் (மண் வழுக்கி உருமாறிய அளவு) பெருக்கி, அந்த மண்ணுக்கே உரிய ஓர் உராய்வு எண்ணால் மறுபடி பெருக்கினால் அந்தப் பங்கு கிடைக்கிறது என்று அவர் கண்டார். மண்ணின் கனவளவு அந்த நேரம் கூடுகிறதா குறைகிறதா என்பது அந்தத் தொகையை மாற்றவில்லை. 1963இல் றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து ‘ஜியோடெக்னீக்’ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை இந்த அடித்தளத்தில் எழுந்தது. மண்பொறியியல் மென்பொருள்களில் இன்று ‘கேம் களி’ என்ற பெயரில் இருக்கும் மாதிரிக்கு வேர் அதுதான். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தைப் போல ஒன்றுக்கு அணுகுவீதி அமைக்கும்போது, அடியில் கிடக்கும் ஈரக் களி எவ்வளவு அமுங்கும், எந்த வேகத்தில் மண் கொட்டினால் கரை சரியும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இந்த வகை மாதிரிகளைத்தான் கையில் எடுக்கிறார்கள். இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு பந்தி போதுமாக இருந்தது. நிருபர் ஒருவர் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கேட்டால், இன்றைய ஆய்வுகளையும் இப்படிச் சொல்லலாம்.

இனி எங்கள் கரையோரத்துக்கு நெருக்கமான விடயத்துக்கு வருகிறோம்: உப்புக் காற்றும் கொங்கிரீற்றும். கடலைப் பார்த்த பல கட்டடங்களில், கட்டி அதிக காலம் ஆகுமுன்னே பல்கனியின் அடிப்பக்கம் வெடித்துக் கம்பி தெரிகிறது. நல்ல கொங்கிரீற்றின் உட்புறம் கடும் காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப்படலம் ஒன்று உருவாகி அதைத் துருவிடமிருந்து காக்கிறது. கடற்காற்றில் வரும் குளோரைட்டு மேற்பரப்பில் படிந்து, நுண்துளை வழியாக ஊறி, கம்பி இருக்கும் ஆழத்தில் சீமெந்து நிறையின் 0.4 வீதம் அளவுக்குச் சேர்ந்ததும் அந்தப் படலம் உடைகிறது. (0.4 என்பது வழக்கமாகச் சொல்லும் எண். கலவையையும் ஈரத்தையும் பொறுத்து அது கூடிக் குறையும்.) துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். கொங்கிரீற்று இழுவைக்குப் பலவீனமானது, ஆகவே கம்பியின் நீளத்துக்கு வெடிக்கிறது. வெடிப்புக்குள் உப்பும் ஒட்சிசனும் நேரே போகின்றன. அதற்குப் பிறகு மேலே பூச்சுப் பூசுவது கண்ணுக்கு மட்டும்தான்.

‘28 நாளில் 50 நியூட்டன் வலிமை கொண்ட புதிய கொங்கிரீற்று’ என்று செய்தி வந்தால், எங்கள் கரைக்கு அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. கனக்கட்டியை நசுக்கிப் பார்க்கும் எண், உப்பு எவ்வளவு வேகமாக ஊறும் என்பதைச் சொல்லாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. பொறியியற் பீடங்களில் பரவலாகச் செய்யப்படும் ஏஎஸ்ரிஎம் சி1202 என்ற அமெரிக்கத் தரநிர்ணய முறையில் 100 மில்லிமீற்றர் விட்டமும் 50 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள வட்டத்துண்டுக்கு 60 வோல்ற் கொடுத்து, 6 மணித்தியாலத்தில் ஊடுபோன மின்னேற்றத்தைக் கூலோமில் கணக்கிடுகிறார்கள். 4000க்கு மேல் என்றால் உப்புக்குக் கதவு திறந்திருக்கிறது. 2000க்கும் 4000க்கும் இடையில் நடுத்தரம். 1000க்கும் 2000க்கும் இடையில் கடற்கரைக்கு எடுக்கலாம். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சாம்பல் கலந்த கொங்கிரீற்றின் துளைநீரில் மின்கடத்தும் அயன்கள் குறைவு. கூலோம் எண் இறங்கினால் அதில் ஒரு பங்கு துளை அடைபட்டதால் வந்தது, இன்னொரு பங்கு நீர் மின்னைக் கடத்தாததால் வந்தது. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் மாதிரியை உப்புநீரில் மாதக்கணக்கில் வைத்து, அடுக்கு அடுக்காகத் தூள் எடுத்துக் குளோரைட்டை அளக்கவேண்டும். ஆய்வாளர்கள் அதைச் செய்தார்களா என்பதை நிருபர் கட்டாயம் கேட்கவேண்டும்.

இடமும் காலமும் இதைவிட முக்கியம். ருகுணுப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் காலிக்கு அருகே ஹபுகலவில் இருக்கிறது. மொறட்டுவை மேற்குக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கரைகளில் தென்மேல் பருவத்தில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும். எங்களுக்கு அதே மாதங்களில் கச்சான் காற்று, நிலத்திலிருந்து கடலுக்கு. பிற்பகல் கடற்காற்றைத் தவிர்த்தால் உப்பு குறைந்த காலம் அது. உப்பு ஏறுவது வாடையில், அதாவது வடகீழ்ப் பருவக் காற்றில். ஆகவே ஆடி மாதத்தில் நிலாவெளியில் உப்புப்படிவை அளந்து ‘பாதிப்பு குறைவு’ என்று யாராவது எழுதினால், அந்த அளவீடு பொய்யல்ல, முடிவு பொய். ஈரத்திரி முறையில் (ஈரத் துணித்திரியில் படியும் உப்பை அளப்பது) ஒரு முழு வருடம், மாதம் ஒரு முறை திரியை மாற்றி, சதுர மீற்றருக்கு ஒரு நாளில் எத்தனை மில்லிகிராம் என்று அளந்தால்தான் கணக்கு நிற்கும். இன்னொன்றும் உண்டு. வாடையோடு மழையும் வருவதால் மழை படும் சுவர் கழுவுப்படும், மழை படாத பல்கனி அடியிலும் மழைத்தட்டின் கீழ்ப்புறத்திலும் உப்பு தங்கிவிடும். வெடிப்பு முதலில் அங்கே தெரிவதற்கு இது ஒரு காரணம். கூரைக்கு மேலே வைத்த அளவுகருவி இதைக் காட்டாது.

ஆய்வுகூடத்தில் எவ்வளவு நல்ல கலவை பிறந்தாலும் தளத்தில் அதைக் கெடுப்பவை தண்ணீரும் கவரும் (கம்பியை மூடும் கொங்கிரீற்றின் தடிப்பு). ஐரோப்பிய தரநிர்ணயத்தில் கடற்காற்று படும் வகுப்புக்கு நீர்–சீமெந்து விகிதம் 0.50க்கு மேற்படக்கூடாது, கன மீற்றருக்குச் சீமெந்து 300 கிலோவுக்குக் குறையக்கூடாது, கனக்கட்டி வலிமை 37 நியூட்டன் இருக்கவேண்டும். 0.50 என்பது 50 கிலோ பைக்கு 25 லீற்றர். ஆனால் அந்த 25இல் மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அடங்கும். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, கல் மூன்று என்ற கலவையில் ஒரு பைக்கு ஏறத்தாழ 75 கிலோ மணல் போகிறது. மணல் 5 வீத ஈரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 4 லீற்றர் அதிலேயே வந்துவிட்டது. வாளியால் ஊற்றவேண்டியது 21 லீற்றர். மழைக்குப் பிறகு குவியலின் அடியிலிருந்து அள்ளும் மணலில் ஈரம் இதைவிடக் கூட, அப்போது இன்னும் குறைக்கவேண்டும். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று இன்னொரு அரை வாளி ஊற்றும் இடத்தில்தான் ஆய்வாளரின் 1500 கூலோம் கைநழுவுகிறது. இளக்கம் வேண்டுமானால் இளக்கும் கலப்பியைச் சேர்க்கவேண்டும், தண்ணீரை அல்ல. ஈர மணல் உப்பிப் பருமன் கூடுவதையும் மறக்கக்கூடாது. பெட்டியால் அளக்கும் தளத்தில் ஈர மணல் கால்வாசி வரை குறைவாகப் போகலாம், அதனால் கலவை எதிர்பார்த்தது போல வராது.

கவரைப் பொறுத்தவரை, அதே தரநிர்ணயம் வழக்கமான ஆயுளுக்கு 35 மில்லிமீற்றரும், வேலைப்பிழைக்கென்று இன்னொரு 10உம் கேட்கிறது. மொத்தம் 45. எங்கள் பக்கத்து வழக்கம் 25, அதுவும் பலகையில் சல்லிக்கல்லை வைத்துக் கம்பியைத் தூக்கும் வழக்கம். கொங்கிரீற்று விழுந்ததும் கல் நழுவி, கம்பி பலகையில் படுத்துவிடும். உப்பு கம்பியை அடைய எடுக்கும் காலம் கவரின் வர்க்கத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். 45ஐயும் 25ஐயும் வர்க்கித்துப் பிரித்தால் 3.2 மடங்கு. அதே கலவை, அதே கம்பி. மேலதிகச் செலவு 20 மில்லிமீற்றர் கொங்கிரீற்றும் சீமெந்துச் சாந்தில் வார்த்த கவர் கட்டிகளும். ஒரு எச்சரிக்கை: கவரைக் கூட்டினால் கம்பி உள்ளே தள்ளிப்போகும், பீமின் பயன் ஆழம் குறையும், ஆகவே ஆழத்தையும் சேர்த்துக் கூட்டவேண்டும். பல்கனியில் பிரதான கம்பி மேலே இருப்பது. வார்க்கும்போது அதன்மேல் ஆள் நடந்து அமுக்கினால், கவர் கூடியது போலத் தெரியும், பல்கனியோ பலமிழக்கும். கதிரை போல வளைத்த கம்பியை அடியில் வைத்துத் தாங்கவேண்டும். கச்சான் நேரத்தில் சிலாப் போடுவதானால் விடியற்காலையில் போட்டு முடித்து, மேற்பரப்பு மினுக்கம் மங்கியதும் பொலித்தீன் விரித்து, குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். சாம்பல் கலந்த கொங்கிரீற்று என்றால் இன்னும் நீட்டவேண்டும். சாம்பலின் வேலை மெதுவானது, ஈரம் போனால் அந்த வேலை நின்றுவிடும்.

உமிச்சாம்பலை விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கங்களில் ஆலைக்காரர்கள் பத்திரிகைச் செய்தியை நம்பி ‘எங்கள் சாம்பலை யார் வாங்குவார்கள்’ என்று கேட்கிறார்கள். 1000 கிலோ நெல்லில் உமி ஏறத்தாழ 200 கிலோ. அதை எரித்தால் சாம்பல் 40 கிலோ. நன்றாக எரிந்த சாம்பலில் 85 வீதத்துக்கு மேல் சிலிக்கா. ஆனால் அந்தச் சிலிக்கா சீமெந்தின் சுண்ணாம்போடு சேரவேண்டுமானால் அது படிகமாகாமல் இருக்கவேண்டும். 600 முதல் 700 பாகை செல்சியஸ் வரை எரித்தால் அப்படிக் கிடைக்கும். வெப்பம் மிஞ்சி நெடுநேரம் எரிந்தால் சிலிக்கா படிகமாகி, நிரப்புப்பொருளாக மட்டுமே பயன்படும். அந்தப் படிகத்தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. வெப்பம் போதாவிட்டால், குவித்து எரித்தால், அல்லது புழுக்கும் பொயிலரில் அள்ளிப்போட்டு எரித்தால், சாம்பல் கறுப்பாக வரும். கறுப்பு எரியாத கரி. கரி தண்ணீரையும் கலப்பியையும் உறிஞ்சும். 750 பாகையில் மறுபடி சுட்டால் எவ்வளவு நிறை குறைகிறது என்று பார்ப்பது எளிய பரிசோதனை. இயற்கைப் பொசலானாவுக்கு (சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் சிலிக்காத் தூள்) அமெரிக்கத் தரநிர்ணயம் அனுமதிப்பது 10 வீதம் வரை. ஆலைச் சாம்பல் இதைத் தாண்டுவது சாதாரணம்.

அப்படியென்றால் ஆய்வுச் செய்தியில் இருக்கவேண்டியது என்ன? எரித்த வெப்பநிலை, எரித்த நேரம், சாம்பலின் நிறம், கரியின் வீதம், எவ்வளவு நேரம் அரைத்தார்கள் என்பது. அரைப்பதற்கான மின்சாரச் செலவைச் சொன்ன செய்தி ஒன்றையும் நாங்கள் கண்டதில்லை, பொருள் விலைபோகுமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். 300 பை சீமெந்து போகும் ஒரு வீட்டில் 10 வீதத்தைச் சாம்பலால் மாற்றினால் 1500 கிலோ சாம்பல் வேண்டும். அதற்கு 37 தொன்னுக்கு மேல் நெல் குத்தவேண்டும். ஒரு பெரிய ஆலைக்கு அது பெரிய தொகை இல்லை, ஆகவே கச்சாப்பொருளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஒரே சீரான சாம்பலுக்கு. இன்றைய பொயிலர் வேறு, நாளைய ஈர உமி வேறு என்று இருந்தால் எந்தப் பொறியியலாளரும் கையொப்பம் வைக்கமாட்டார். பீடங்கள் எரிமுறையைச் சீராக்குவதில் ஆய்வு செய்தால் அது எங்களுக்கு இன்னொரு கலவை விகிதத்தைவிடப் பத்து மடங்கு பயன்.

மணலைப் பற்றிச் சுருக்கமாக. ஆற்று மணல் தட்டுப்பாட்டுக்கு மாற்றாகக் கடலடி மணலைக் கொங்கிரீற்றுக்கு எடுக்கலாமா என்று மொறட்டுவையில் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. குவித்துவைத்த மணலின் உப்பை மழையே பெருமளவு கழுவிவிடும் என்பது அதன் பயனுள்ள பகுதி. இங்கே சிலர் அதைக் ‘கடல் மணல் நல்லது’ என்று சுருக்கி, கடற்கரை மணலை அள்ளப் பார்க்கிறார்கள். அது வேறு மணல். கரையைவிட்டுத் தள்ளிக் கடலடியில் தோண்டி, மழையில் வடியவிட்டு, அளந்து பார்த்த மணலைப் பற்றியது ஆய்வு. கரை மணலை அள்ளினால் கரையும் போகும், மழை காணாத மணல் என்றால் வீடும் போகும். மகாவலி மணல் என்றாலும் முகத்துவாரத்தை நெருங்கிய இடத்தில் அள்ளியதானால், வடிநீரில் வெள்ளி நைத்திரேற்றுச் சில துளி விட்டுப் பாருங்கள், வெள்ளையாகத் திரண்டால் உப்பு இருக்கிறது, கழுவாமல் எடுக்கக்கூடாது.

மின்சாரப் பக்கத்தில் இப்போது சூடான விடயம் கூரைச் சோலார். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின் போனது நினைவிருக்கும். அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு, 13 முதல் 21 வரை பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பெப்ரவரி மின்தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட குரங்கு பற்றி எல்லாரும் எழுதினார்கள். சடத்துவம் பற்றி எழுதியவர்கள் சொற்பம். சுழலும் பெரிய மின்பிறப்பாக்கியின் நிறை, திடீரென ஒரு நிலையம் விழும்போது அதிர்வெண்ணை உடனே இறங்கவிடாமல் தாங்கும். கணக்குக்கு ஒன்று: 2000 மெகாவோற் சுழல்பொறிகள், சடத்துவ மாறிலி 3 வினாடி, 300 மெகாவோற் திடீரென விழுந்தது என்றால் அதிர்வெண் தொடக்கத்தில் வினாடிக்கு 1.25 ஹேர்ட்ஸ் வேகத்தில் இறங்கும். அதே தேவையில் பாதியைச் சோலார் கொடுத்து, சுழல்பொறி 1000 மெகாவோற் மட்டும் என்றால் 2.5 ஹேர்ட்ஸ். காப்பு ரிலேகளுக்கும் மாற்று நிலையங்களுக்கும் கிடைக்கும் நேரம் பாதியாகிறது. சம்பூரில் 120 மெகாவோற் சூரிய மின் திட்டம் வருகிற நிலையில், மின்கலமும், மின்வலையமைப்பின் அதிர்வெண்ணைத் தானே உருவாக்கித் தாங்கும் இன்வேட்டரும் (சோலாரின் நேரோட்ட மின்னை ஆடலோட்ட மின்னாக மாற்றும் கருவி) பற்றிப் பீடங்களில் நடக்கும் ஆய்வுகள் திருகோணமலைக்காரருக்கு நேரடியான செய்தி. அதில் கேட்கவேண்டியது ஒன்று: இது கணினியில் ஓடியதா, ஆய்வுகூட மேசையில் ஓடியதா, கம்பத்தில் ஓடியதா? மூன்றும் மதிப்புள்ளவை, ஆனால் ஒன்றை மற்றதாக எழுதக்கூடாது.

வீட்டு மட்டத்தில் பிரச்சினை வேறு. 230 வோல்ற்றுக்கு மேல் 6 வீதம், அதாவது 244 வோல்ற், எல்லை. பல இடங்களில் இழுக்கப்பட்டிருக்கும் 70 சதுர மில்லிமீற்றர் கட்டுக்கம்பியில் (காப்புறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கியது) தடை கிலோமீற்றருக்கு 0.44 ஓம், அதன் நியூட்ரல் மெல்லியது, 0.63 ஓம். ட்ரான்ஸ்போமரிலிருந்து 300 மீற்றரில் ஒரு வீடு ஒற்றைக் கட்டத்தில் 5 கிலோவோற் அனுப்பினால் ஏறத்தாழ 21.7 அம்பியர் போகும், 7 வோல்ற் ஏறும். அதே முனையில், அதே கட்டத்தில் பக்கத்து வீடும் போட்டால் 14 வோல்ற். ட்ரான்ஸ்போமரில் சரியாக 230 இருந்தாலும் எல்லையைத் தொட்டுவிட்டது. இரவுத் தேவைக்காக அங்கே கூடுதலாகவே வைத்திருப்பார்கள், ஆகவே நடுப்பகலில் இன்வேட்டர் தானாக விழும். வீட்டுக்காரர் பனலைக் குற்றம் சொல்வார், பொருத்தியவர் மின்சார சபையைக் குற்றம் சொல்வார். அதே 5 கிலோவோற்றை மூன்று கட்ட இன்வேட்டரில் அனுப்பினால் நியூட்ரலில் ஓட்டமில்லை, ஏற்றம் 1 வோல்ற் அளவுதான். ‘இன்வேட்டர் எதிர்வினை வலுவை உறிஞ்சி வோல்ற்றைக் கட்டுப்படுத்தும்’ என்ற ஆய்வுச் செய்தி வந்தால் எந்தக் கம்பியில் என்று பாருங்கள். 33 கிலோவோல்ற் வழியில் அது நன்றாக வேலை செய்யும். மேற்சொன்ன கட்டுக்கம்பியில் எதிர்வினைப்பு (ஆடலோட்டத்துக்குக் காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) தடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான், ஆகவே பலனும் அந்த அளவுக்குத்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செய்திகளுக்கு ஒரு வரி. ‘சுவர் வெடிப்பை 95 வீதம் சரியாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்’ என்றால், 1000 படத்தில் வெடிப்பு உள்ளவை எத்தனை என்று கேளுங்கள். 50 என்றால், எல்லாவற்றுக்கும் ‘வெடிப்பில்லை’ என்று சொல்லும் மொக்கை நிரலுக்கும் 95 வீதம் கிடைக்கும். தவறவிட்ட வெடிப்பு எத்தனை என்பதுதான் எண்.

பீடங்களிடமும் ஒரு விண்ணப்பம், உங்கள் பத்திரிகை வழியாக. இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுகளுக்கு வருடாவருடம் தலைப்புத் தேடுகிறார்கள். எங்கள் கரைக்கு ஒரு தலைப்புத் தருகிறோம். சாதாரணச் சீமெந்தில் ஒன்று, நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்தில் ஒன்று, சீராக எரித்த உமிச்சாம்பல் 10 வீதம் கலந்தது ஒன்று என மூன்று கலவைகள், எல்லாம் நீர்–சீமெந்து விகிதம் 0.50இல். ஒவ்வொன்றிலும் 150 மில்லிமீற்றர் கனக்கட்டிகள் 12, ஒரு முகத்தைத் தவிர மற்ற ஐந்துக்கும் எபொக்சி பூசியவை. பாதியை மழை படும்படியும் பாதியைத் தட்டின் கீழும், திறந்த முகம் கடலைப் பார்க்க, உப்புவெளியில் ஒரு சட்டத்திலும் உட்துறைமுகக் கரையில் இன்னொரு சட்டத்திலும் வைக்கவேண்டும். பக்கத்தில் உப்பை அளக்கும் ஈரத்திரி ஒன்று. 1, 3, 5 வருட முடிவில் ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒரு கட்டியை எடுத்து, 5 மில்லிமீற்றர் அடுக்குகளாக 40 மில்லிமீற்றர் ஆழம் வரை தூளாக்கிக் குளோரைட்டை அளக்கவேண்டும். ஒரு தொகுதி மாணவர் தொடங்கியதை அடுத்த தொகுதி தொடரும்படி பீடம் பொறுப்பெடுக்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் வருடத்தோடு சட்டம் துருப்பிடித்துக் கிடக்கும். சட்டத்தைத் துருப்பிடியா உருக்கில் செய்வது நல்லது. இடம் பார்த்துக் கொடுப்பதும், திரி மாற்றுவதும், கட்டிகளைக் காவல் பார்ப்பதும் இங்குள்ளவர்கள் செய்யலாம். ஆவணியில் வார்த்து 28 நாள் நீரில் வைத்தால், வாடை தொடங்குமுன் ஐப்பசியில் கரைக்குக் கொண்டுவர நேரம் சரியாக இருக்கும்.

இங்ஙனம்,
கட்டுமான, மின்வேலைத் துறையினர் சிலர்,
உப்புவெளி, திருகோணமலை.